நிறுத்திவைக்கப்பட்ட பங்கு

வியாழக்கிழமை காலை ஒன்பது இருபதுக்குத் தமிழ்செல்வன் செத்துப்போய்விட்டதாக அவருடைய மைத்துனர் திருமுருகன் ஆறு பேருக்குப் போன் போட்டுச் சொன்னார். அந்த ஆறு போனையும் தமிழ்செல்வன் தம் காதாலேயே கேட்டார்.

முதல் போன் கத்தாரில் இருக்கிற மகனுக்கு. இரண்டாவது பந்தல்காரருக்கு. "சின்னப் பந்தலே போதும்ணே. ஆளு ரொம்ப வராது. அவருதான் ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம மனு போட்டு வச்சிருக்காரே" என்று திருமுருகன் சொன்னது கட்டில் வரைக்கும் தெளிவாக வந்தது. எழுந்து உட்கார்ந்து, 'வருவாங்கடா, மனுப்போட்டவன் நெசமாவே செத்தானான்னு பாக்கவாவது வருவாங்க' என்று பதில் சொல்லத் தமிழ்செல்வனுக்கு ஆசைதான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கண்ணைத் திறக்க முடியவில்லை. நாக்கு, விரல், கழுத்து எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மூச்சுகூடத் தானாக வரவில்லை. தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. அதன் வழியாக யாரோ காற்றை அமுக்கி அனுப்பினார்கள். நெஞ்சு ஏறியது, இறங்கியது. காது மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது.

திருமுருகன் ஏழாவது எண்ணைத் தேடும்போது டியூட்டி டாக்டர் பிராங்க்ளின் வந்து போனைப் பிடுங்கினார்.

"யாருங்க செத்தது? அவர் முழிச்சிட்டுதான் இருக்கார். கட்டுவிரியன் கடிச்சிருக்கு. அந்த விஷம் ஒடம்புல இருக்கிற தசையெல்லாம் படுக்க வச்சிரும். மூளையை ஒண்ணும் செய்யாது. நீங்க பேசுறதெல்லாம் அவருக்குக் கேக்கும்."

"கேக்குமா?"

"கேக்கும்."

திருமுருகன் கட்டிலைப் பார்த்து, "மச்சான், சும்மா ஒரு பேச்சுக்குத்தான்..." என்று இழுத்தார். அதோடு சரி. டாக்டர் சொன்னதை அங்கே இருந்த யாரும் நம்பவில்லை. கண் மூடி, வாய் பிளந்து, நெஞ்சைப் பிறர் அமுக்கி ஏற்றுகிற ஆளுக்குக் காது கேட்கும் என்றால் எப்படி நம்புவது?

கட்டுவிரியன் வந்தது தமிழ்செல்வனுக்கே தெரியாது. வெக்கையாக இருக்கிறதென்று தரையில் பாய் போட்டுப் படுத்தவர். விடியும்போது வயிற்றைப் புரட்டியது. கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை. முந்தின நாள் தின்ற பலாச்சுளைதான் என்று முடிவுசெய்து ஒரு சோடா குடித்தார். கேட்கவில்லை, இன்னொரு சோடா. ஏழு மணிக்கு இமை தொங்கியது. "என்ன காலங்காத்தால குடிச்சவன் மாதிரி முழிக்கிறீங்க?" என்று மனைவி அமுதவல்லி கேட்டாள். ஏழரைக்கு எச்சில் விழுங்க முடியவில்லை. அப்போதுதான் அவள் 108-க்குப் போன் செய்தாள். பூவரசங்கொல்லைக்கு வண்டி வர நாற்பது நிமிடம். ரெண்டு சோடாவும் நாற்பது நிமிடமும் சேர்ந்து அவரை இந்த ஐந்தாம் கட்டிலில் கொண்டுவந்து போட்டன. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். ஆனால் ஏற்கெனவே படுத்துவிட்ட தசையை அந்த மருந்தால் எழுப்ப முடியாது, தானாகத்தான் எழ வேண்டும் என்று டாக்டர் சொன்னார்.

"ரெண்டு நாளோ மூணு நாளோ, அதுவரைக்கும் மூச்சு மட்டும் குடுத்துக்கிட்டே இருந்தா எந்திரிச்சு வீட்டுக்கு நடந்து போயிருவார்."

"அப்ப மிஷின்ல போடுங்க சார்" என்றாள் அமுதவல்லி.

அங்கேதான் வந்தது சிக்கல். மூச்சு மிஷின் நாலு. மூன்றில் ஆள் இருந்தார்கள். நாலாவது, மூலையில் பிளாஸ்டிக் உறை போட்டு, பங்குனி மாதத்திலிருந்து சர்வீஸுக்காகக் காத்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தார்கள். அங்கேயும் இடமில்லை. இடம் கிடைத்தாலும் இரண்டு மணி நேரப் பயணத்தில் வழியிலேயே ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார் டாக்டர். எட்டுக் கட்டிலுக்கு ஒரே நர்சு, சிவரஞ்சனி. அவள் ஐந்தாம் கட்டிலிலேயே நின்றுவிட்டால் மற்ற ஏழு பேரையும் யார் பார்ப்பது?

"நீங்கதான் அமுக்கணும்" என்று சிவரஞ்சனி ஒரு ரப்பர் பந்தைத் தூக்கிக் காட்டினாள். "இதுதான் ஆம்பு பேக். ஒரு முனை அவர் குழாய்ல, ஒரு முனை ஆக்சிஜன்ல. அமுக்கணும், விடணும், மனசுக்குள்ள ஒண்ணு ரெண்டு மூணு நாலு எண்ணணும், திரும்ப அமுக்கணும். பகல் ராத்திரி விடாம. ஒருத்தரால முடியாது, ஆள் மாத்தி மாத்தி நில்லுங்க. உள்ள வர்றவங்க செருப்பை வெளிய விட்டுட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும். கழுவாத கையோட வந்தா வெளிய தள்ளிருவேன். இங்க பாம்பு கடிச்சுச் செத்தவங்களைவிட அழுக்குக் கை தொட்டுச் செத்தவங்கதான் அதிகம்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பங்காளி வீட்டுச் சொர்ணம் முந்தானைக்குள்ளிருந்து ஒரு டம்ளர் பாலை எடுத்தாள். "வாயி காஞ்சு கெடக்கே. ஒரு சொட்டு நனைச்சு விடுறேன்."

"அக்கா, வைங்க கீழ! விழுங்க முடியாத ஆளு. ஒரு சொட்டு போனாலும் நுரையீரலுக்குத்தான் போகும்."

"கடைசியா ஒரு வாயிப் பாலு..."

"கடைசி இல்லைன்னு சொல்றோம்ல!"

சொர்ணம் பாலைத் தானே குடித்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஆள் மாற்றி நிற்பதற்கு ஒரு ஒழுங்கு வேண்டுமே. அதை முனியசாமி ஏற்றுக்கொண்டார். முனியசாமி ஊர்க் கண்மாயில் மடை திறக்கிறவர். எந்த வயலுக்கு எந்த நேரம் தண்ணீர் என்பதை நோட்டுப் பார்க்காமல் சொல்லுவார். ஊரில் எட்டுப் பங்கு. எட்டும் ஒரே தாத்தா வழிப் பங்காளிகள். பங்குக்கு இரண்டு மணி நேரம். பதினாறு மணி நேரத்தில் ஒரு சுற்று முடிந்து மறுபடி முதல் பங்கிலிருந்து தொடங்கும். இதைவிடத் தகராறு இல்லாத ஏற்பாடு உலகத்தில் கிடையாது என்று அவர் நம்பினார். அதையே ஐ.சி.யூ வாசலில் நின்று ஒப்பித்தார்.

"பத்து மணிக்கு மூத்த பங்கு. பன்னெண்டுக்கு வடக்குத் தெரு. ரெண்டுலேர்ந்து நாலு சொர்ணம் வீடு. அவங்கவங்க நேரத்துக்கு அவங்கவங்க கை. கண்மாய்க்கு எப்படியோ, மூச்சுக்கும் அப்படித்தான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். படுத்துக்கொண்டு கேட்ட தமிழ்செல்வன் மட்டும் பங்குகளை மனசுக்குள் எண்ணி நாலில் நின்றுவிட்டார். நாலாம் பங்கு யாருடையது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பங்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதும் அவரைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

நாலாம் பங்கு ராசுவுடையது. தமிழ்செல்வனின் சித்தப்பா மகன், நாலு மாதம் இளையவர். ராசுவின் வயலில் ஒரு பகுதி கண்மாய்ப் புறம்போக்கு என்று இரண்டு வருடத்துக்கு முன் தமிழ்செல்வன் மனுப்போட்டார். ஒரு தடவை அல்ல. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய், பழைய மனுவின் எண்ணைக் குறிப்பிட்டுப் புதிய மனு, அதன் நகல், நகலின் நகல் என்று போட்டார். அவர் ஒரு வாரம் வராவிட்டால் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார். கடைசியில் ஒரு கடிதம் வந்தது. விசாரணை முடியும் வரை நாலாம் பங்குத் தண்ணீர் நிறுத்திவைக்கப்படுகிறது. முனியசாமி அதை எழுத்துக்கு எழுத்து மதித்தார். அன்றிலிருந்து நாலாம் பங்கு நேரம் வந்தால் மடையை மூடிவிடுவார். அந்த இரண்டு மணி நேரத் தண்ணீரை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டார்; கொடுத்தால் பங்கு கைமாறியதாகிவிடும், அதற்கும் ஒரு மனு வரும்.

மூத்த பங்கு ஒழுங்காக அமுக்கியது. வடக்குத் தெருக்காரர் போனில் ஏதோ பார்த்துக்கொண்டே அமுக்கினார். சிரிப்புக் காட்சி வந்தால் மூச்சு இரட்டையாக வந்தது. சொர்ணம் அமுக்கும்போது பேசினாள். "ஏன் மாமா, என் ஆட்டுக்கொட்டாய் ஒங்களுக்கு என்ன செஞ்சுச்சு?" ஒரு மூச்சு. "பஞ்சாயத்துல கூப்புட்டுச் சொல்லியிருந்தா நானே பிரிச்சிருப்பேனே." இன்னொரு மூச்சு. "கலெக்டர் வரைக்கும் போகணுமா?" கோபம் வந்தால் கை வேகமாகியது. தமிழ்செல்வனுக்குத் தலை கிறுகிறுத்தது.

மணி நாலு அடித்தது.

"முனியசாமிண்ணே, என் நேரம் முடிஞ்சுச்சு. அடுத்தது?"

"நாலாம் பங்கு" என்றார் முனியசாமி வாசலிலிருந்து. சொன்னதும் நிறுத்தினார். "அது நிறுத்தி வச்சிருக்கு."

"நிறுத்தி வச்சிருக்குன்னா?"

"இவருதானே மனுப்போட்டு நிறுத்தினாரு. நாலுலேர்ந்து ஆறு வரைக்கும் அடைப்பு. ஆறு மணிக்கு அஞ்சாம் பங்கு வரும்."

"அதுவரைக்கும் இவரு மூச்சு விடாம இருப்பாரா?"

முனியசாமி யோசித்தார். இந்தக் கேள்வியை அவர் கண்மாயில் எதிர்கொண்டதில்லை. "நீயே அமுக்கேன்" என்றார்.

"என் நேரம் முடிஞ்சிருச்சு. நாளைக்கு என் தண்ணி நேரத்துல ரெண்டு மணி நேரம் சேத்துக் குடுப்பீங்களா? மாட்டீங்கல்ல?" என்று திரும்பி நின்று சண்டையைப் பிடித்தாள் சொர்ணம். கை பந்தின் மேலேதான் இருந்தது. ஆனால் எண்ணிக்கை போய்விட்டது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. தமிழ்செல்வன் உள்ளே எண்ணிக்கொண்டிருந்தார். நெஞ்சுக்குள் நெருப்பு மாதிரி எரிந்தது. தலைமாட்டில், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற மானிட்டர் கத்தத் தொடங்கியது.

"எண்பத்தி மூணு!" சிவரஞ்சனி மருந்து டிரேயைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "யாருக்கா பேக்கைப் புடிச்சுக்கிட்டு வம்பளக்குறது? தள்ளுங்க!"

அவளே நாலு முறை அமுக்கினாள். எரிச்சல் இறங்கியது. ஆனால் ஏழாம் கட்டில்காரர் வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்தார். அமுதவல்லி கழுவிய கையோடு வந்து பந்தை வாங்கிக்கொண்டாள். பத்து மணிக்கு முன்பும் அவள்தான் அமுக்கியிருந்தாள். போன வருடம் வந்த காய்ச்சலில் மணிக்கட்டு வீங்கிப்போன கை. கால் மணி நேரத்தில் விரல் மடங்கவில்லை.

"சொர்ணம், புடி. அவன் எங்க?"

"யாரு?"

"ராசு தம்பி. காலையிலேர்ந்து மரத்தடியிலதான் நிக்கிறதாச் சொன்னாங்க."

வாசல் கண்ணாடி ஜன்னல் உடைந்திருந்ததால் மரத்தடியில் நடந்ததும் தமிழ்செல்வனுக்குப் பாதிக்கு மேல் கேட்டது. ராசு போனில் பேசிக்கொண்டிருந்தார். மகள் ரஞ்சிதாவுக்கு வருகிற புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை அறந்தாங்கிக்காரர், துபாயில் வேலை, லீவு அடுத்த ஞாயிறோடு முடிகிறது. காலையில் திருமுருகனின் ஆறு போனில் ஒன்று ராசுவுக்கும் வந்திருந்தது. அதிலிருந்து அவர் மண்டபத்துக்காரரிடம் வேறு தேதி கேட்டுக்கொண்டிருந்தார். தை மாதம் வரைக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"தம்பி, ஒன் பங்கு வந்தாச்சு. வா" என்றாள் அமுதவல்லி.

"செத்துட்டாருன்னு சொன்னாங்களே மதினி."

"சாகலை. நீ வந்து அமுக்கலைன்னா செத்துருவாரு."

"நானா?" ராசு சிரித்த சத்தம் ஜன்னல் வழியாக வந்தது. "நான் கையை வச்சு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா கொலைக்கேஸு. ஆகலைன்னா, தடை ஆணைய மீறி நாலாம் பங்கைப் பயன்படுத்தினேன்னு திங்கக்கெழமை மனு. வாபஸ்னு எழுதிக் கைநாட்டு வைக்கச் சொல்லுங்க, வாரேன்."

"கை அசையாதவருகிட்ட கைநாட்டா?"

"அவரு பேனாவைப் புடிக்காத ஒரே நாளு இன்னிக்குத்தான். நான் ஏன் மதினி விடணும்?"

உள்ளே கிடந்த தமிழ்செல்வன் இதில் ஒரு குற்றமும் காணவில்லை. அவராக இருந்தால் சாட்சிக் கையெழுத்தும் கேட்டிருப்பார்.

அமுதவல்லி கெஞ்சவில்லை. "சரி, வராத. ஆறு மணிக்குள்ள பொணமா எடுத்துட்டு வந்துருவோம். நீ பங்காளி. பதினாறு நாளு தீட்டு. புதன்கெழமை ரஞ்சிதா மணவறையில உக்கார முடியாது. மாப்ள ஞாயித்துக்கெழமை பிளேன் ஏறிருவான். அடுத்த லீவு ரெண்டு வருசம் கழிச்சு. அதுவரைக்கும் அவன் ஒனக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா?"

மரத்தடியிலிருந்து செருப்புச் சத்தம் நகர்ந்தது. பிறகு குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ராசு கை கழுவினார். சிவரஞ்சனி சொன்ன முழங்கையைத் தாண்டித் தோள் வரைக்கும் கழுவினார்.

பிராங்க்ளின் டாக்டரிடம் ஒரு படிவம் இருந்தது. ஐ.சி.யூ-வில் யார் பிழைக்கிறார்கள், யார் பிழைப்பதில்லை, ஏன் என்று ஏதோ ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார்களாம். வயது என்ன, வந்து சேர எவ்வளவு நேரம், மிஷின் கிடைத்ததா, எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சு என்று இருபத்தாறு கேள்வி. கடைசியில் 'பிற காரணங்கள்' என்று ஒரு வரி காலி. ராசு உள்ளே வந்த கதையைச் சிவரஞ்சனி சொல்ல, டாக்டர் அந்த வரியில் 'பங்காளி வீட்டுக் கல்யாணம்' என்று எழுதினார். பிறகு, மேலே இருக்கிறவர்கள் கேள்வி கேட்பார்களே என்று அடித்துவிட்டு 'குடும்ப ஆதரவு' என்று மாற்றினார்.

ராசுவின் கை மற்றவர்கள் கை போல இல்லை. அளவு தப்பவில்லை. அமுக்கினார், விட்டார், நாலு எண்ணினார், அமுக்கினார். மகள் கழுத்தில் தாலி ஏறும் வரைக்கும் ஒரு மூச்சுகூட வீணாகக் கூடாது என்கிற கவனம். ஐந்து மணிக்குக் கரண்டு போனது. மற்ற மூன்று மிஷின்களும் கூக்குரல் போட்டன. ஜெனரேட்டர் பிடிக்கிற வரைக்கும் சிவரஞ்சனி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடினாள். ஐந்தாம் கட்டிலில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. "நம்ம மிஷினுக்குக் கரண்டெல்லாம் வேணாம், சோறு போட்டாப் போதும்" என்றார் ராசு.

அதன்பிறகு பேசத் தொடங்கினார். ஐம்பது வருடமாகத் தமிழ்செல்வனை முகத்துக்கு முகம் 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். இப்போது யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில் 'டா' வந்தது.

"ஏண்டா, ஒனக்கு வேற வேலையே கெடையாதாடா?" ஒரு மூச்சு. "என் பைப்பு லைன்ல மனு. என் கோழிக்கு மனு. என் மக சடங்குக்கு ரேடியோ கட்டுனதுக்கு மனு." ஒரு மூச்சு. "இருநூத்திப் பதினாலுல மூணு பி எங்கப்பன் பேர்ல பட்டா இருக்குடா!"

மூணு ஏ, என்று தமிழ்செல்வன் உள்ளே கதறினார். மூணு ஏ-தான் பட்டா, மூணு பி-தான் புறம்போக்கு! தப்பான சர்வே எண்ணைக் காதில் போட்டுக்கொண்டு, திருத்தவும் முடியாமல் இரண்டு மணி நேரம் கிடப்பதற்குக் கட்டுவிரியன் எவ்வளவோ தேவலை என்று அவருக்குப் பட்டது.

ஆறு மணிக்கு ஐந்தாம் பங்கு வந்தது. சுற்று நடந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ராசு மறுபடி வந்தார், அன்று நள்ளிரவு முறைக்கும் வந்தார், சனிக்கிழமை மாலை நாலு மணிக்கும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். ஐம்பத்து நாலு மணி நேரமாக எட்டு வீட்டுக் கைகள் அமுக்கிக்கொண்டிருந்தன. எட்டு வீடும் திட்டித் தீர்த்திருந்தது. தமிழ்செல்வனுக்கு இப்போது எந்தக் கை யாருடையது என்று முதல் மூச்சிலேயே தெரிந்துவிடும்.

இந்த மூன்று நாளும் அவர் ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டிருந்தார். ஒரு மிஷின் காலியாக வேண்டும். காலியாவதென்றால் என்ன என்று அவர் யோசிக்கவில்லை. சனிக்கிழமை நாலரைக்கு அது தெரிந்தது.

மூன்றாம் கட்டில் மிஷினில் மூளையில் ரத்தம் கசிந்த ஒரு பெரியவர். மகன்கள் டாக்டரைச் சுற்றி நின்றார்கள்.

"இன்னும் நாலு நாள் குடுங்க. பொழைக்க வாய்ப்பில்லைன்னு நான் சொல்லலை" என்றார் டாக்டர்.

"வேணாம் சார். உசிரு வீட்டுல போகட்டும். வெளிய போனா வாசப்படி ஏத்த மாட்டாங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"

பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது. தமிழ்செல்வனுக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே ஐந்தாம் கட்டிலைத் தாண்டிப் போனது. பெரியவரோடு ஒரு மகன் அமுக்கிக்கொண்டு போனான். பந்து ஆஸ்பத்திரிக்குச் சொந்தம், ஆம்புலன்ஸ் கதவு வரைக்கும்தான் வரும், அதற்குமேல் இல்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. தமிழ்செல்வனுக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.



"மிஷினைக் கழுவி, டியூப் மாத்தி மாட்ட ஒரு மணி நேரமாகும்" என்று சிவரஞ்சனி சொல்லிவிட்டுப் போனாள். இதுதான் தம் கடைசி முறை என்று ராசுவுக்கு உறைத்தது. குரல் தாழ்ந்தது.

"சரி, போற நேரத்துல ஒண்ணு சொல்றேன்டா. ஒனக்கு எங்க கேக்கப்போவுது." ஒரு மூச்சு. "நீ எழுதுனது சரிதான். அஞ்சு சென்ட்டு கண்மாய் எடம்தான். எங்கப்பன் ஒரு கோடையில வரப்பைத் தள்ளி வச்சாரு, கூட நின்னு மண்ணு வெட்டுனது நானு." ஒரு மூச்சு. "ஆனா எட்டுப் பங்குலயும் எவன்டா தள்ளாதவன்? ஒங்கப்பன் வரப்புக்கு எங்கப்பன்தான் கயிறு புடிச்சாரு. அத ஏண்டா நீ எழுதலை?"

அப்பா வரப்புத் தள்ளிய சங்கதி தமிழ்செல்வனுக்குப் புதிது. ஆனால் அதை அவர் அப்போதைக்கு ஓரமாக வைத்தார். முதல் பாதி போதும். இரண்டு வருடமாகத் தேடிய ஒப்புதல். குற்றவாளியின் வாயாலேயே.

சிவரஞ்சனி மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள். ஒவ்வொரு ஷிப்டிலும் கேட்பது போல, அவர் காதுப்பக்கம் குனிந்து உரக்கக் கேட்டாள்: "அய்யா, நான் பேசுறது கேக்குதா? கால் கட்டை விரலை அசைங்க பாப்போம்."

மூன்று நாளாக இல்லாத ஒன்று அப்போது நடந்தது. வலது கால் கட்டை விரல் ஒரு நெல்மணி அளவுக்கு நகர்ந்தது.

"அசைஞ்சுச்சு! டாக்டர்! இன்னொரு தடவை அய்யா!"

நகர்ந்தது. அமுதவல்லி ஓடி வந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கை கழுவாமல் வந்ததற்குச் சிவரஞ்சனி அவளைத் திட்டினாள். ராசு வாய் பிளந்து நின்றார்.

"அப்ப... இவருக்குக் காது கேக்குதா?"

"மொத நாளே டாக்டர் சொன்னாருல்ல?"

"நாங்க பேசுனதெல்லாம்?"

"எல்லாமுந்தான்."

ராசுவின் கை நின்றது.

ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. தமிழ்செல்வன் காத்திருந்தார். அஞ்சு. சிவரஞ்சனி குனிந்து குழாயைப் பொருத்திக்கொண்டிருந்தாள். அமுதவல்லி கை கழுவப் போயிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. ஆறு. எழுந்து நடக்கப்போகிற ஆள், அடுத்த திங்கட்கிழமை என்ன எழுதுவான் என்று அந்தக் கை யோசிப்பது அவருக்குத் தெரிந்தது. ஏழு. மனுவை வாபஸ் வாங்கிவிடுவது என்று தமிழ்செல்வன் முடிவுசெய்தார். எட்டில் மூச்சு வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக. வந்து நெஞ்சு நிறைந்ததும், எதிலும் அவசரப்படக் கூடாது என்று அவருக்குப் பட்டது.

"அண்ணே" என்றார் ராசு, காதருகில் குனிந்து. "மருந்து மயக்கத்துல ஏதேதோ பேச்சு கேக்கும்ணே. எல்லாத்தையும் நெசம்னு எடுத்துக்கக் கூடாது. சரியாண்ணே?"

கால் கட்டை விரல் அசைந்தது.

"தங்கச்சி, இது சரிங்கிறாரா, மாட்டேங்கிறாரா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. அசையுது. அவ்வளவுதான்."

ராசு விரலையே பார்த்தார். அது இன்னொரு முறை அசைந்தது. அவருக்கு வேர்த்துவிட்டது.

"சீக்கிரம் மாட்டும்மா அந்த மிஷினை" என்றார். "இனிமே இவருக்கு என் கையால மூச்சு குடுக்க முடியாது."

சொல்லிக்கொண்டே எண்ணினார். நாலு வந்ததும் அமுக்கினார்.